ஓட்டு ஓரிடம், சட்டம் வேறிடம்: கிறிஸ்துமஸ் தீவு நாட்குறிப்பு

செவ்வாய்க்கிழமை

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரான பெர்த்திலிருந்து கிறிஸ்துமஸ் தீவுக்குப் போகும் விமானம் பன்னாட்டு முனையத்திலிருந்துதான் புறப்படுகிறது. போகிற இடமும் ஆஸ்திரேலியாதான். ஆனாலும் சுங்கச் சோதனையும் குடியேற்றச் சோதனையும் உண்டு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். சொந்த வீட்டுக்குப் போகும்போதும் அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தீவு ஆஸ்திரேலியாவுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற கேள்வி அந்த வரிசையிலேயே எனக்குள் தொடங்கிவிட்டது.

வரைபடத்தைப் பார்த்தால் கேள்வி இன்னும் வலுக்கும். பெர்த்திலிருந்து தீவுக்குச் சுமார் 2,600 கிலோமீட்டர். வடக்கே இந்தோனேசியாவின் ஜாவாவோ 350 கிலோமீட்டர்தான். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பத்தரை பாகையில், இந்தியப் பெருங்கடலின் நடுவில் தனியாக நிற்கிறது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சி எல்லையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,692. நம் ஊர் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர் எண்ணிக்கையே சில இடங்களில் அதைத் தாண்டிவிடும்.

விமானம் மேகத்தை விட்டு இறங்கியதும் கடற்கரை மணலைத் தேடினேன். அப்படி எதுவும் தென்படவில்லை. காடு மூடிய பச்சை மேடும், அதன் விளிம்பில் கறுத்த சுண்ணாம்புப் பாறைச் சுவரும், சுவரின் அடியில் வெடிக்கும் நுரையும்தான் தெரிந்தன. கடலடித் தரையிலிருந்து நாலாயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் பழைய எரிமலை இது. அதன் தலைமேல் பவளப் பாறை படிந்தது. பிறகு நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து அந்தப் பவளத்தையும் கடலுக்கு வெளியே தூக்கிவிட்டது. அதனால்தான் தீவு படிப்படியாக ஏறுகிறது. மிக உயர்ந்த இடம் முர்ரே குன்று, 361 மீட்டர்.

1643ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் இதைக் கடந்து சென்ற வில்லியம் மைனர்ஸ் என்ற கப்பல் தலைவர் வைத்த பெயர்தான் இன்றும் இருக்கிறது. அவர் இறங்கவில்லை. எளிதில் இறங்கவிடும் கரையும் இதற்குக் கிடையாது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கே ஒருவரும் குடியிருக்கவில்லை. இன்று இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் வேறெங்கிருந்தோ வந்தது.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் வந்தது மலேசியாவின் ஈப்போவிலிருந்து. சீனர். இருபது வயதில் பாஸ்பேட் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர். இப்போது ஓய்வுபெற்று இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். என் பெயரைக் கேட்டதும், "வாங்க தங்கச்சி, சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டார். ஈப்போவில் பக்கத்து வீடு தமிழர் வீடாம். அவருக்கு மிஞ்சியிருக்கும் தமிழ் அவ்வளவுதான். மீதிப் பேச்சு முழுவதும் மலாய் கலந்த ஆங்கிலம். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுகிறேன்.

புதன்கிழமை

காலையில் அங்கிளோடு நடந்தே ஊரைப் பார்த்தேன். வடகிழக்கு முனையில்தான் மொத்தக் குடியிருப்பும் அடங்கியிருக்கிறது. கீழே பறக்கும்மீன் வளைகுடா. துறைமுகம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம். அதை ஒட்டிக் கம்போங், மலாய்க்காரர்களின் பகுதி, பள்ளிவாசல் அங்கேதான். கரையோரமாகச் செட்டில்மென்ட், ஒரு காலத்தில் வெள்ளை அதிகாரிகள் வாழ்ந்த பகுதி. மலைச்சரிவில் பூன் சான், சீனர் குடியிருப்பு. அதற்கும் மேலே டிரம்சைட். சீன ஆலயங்கள் எதிர்பாராத திருப்பங்களில் எல்லாம் ஊதுபத்திப் புகையோடு நிற்கின்றன. சீனப் புத்தாண்டும், ஹரி ராயா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இங்கே அரசு விடுமுறை. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் இப்படி இல்லை.

இந்தக் குடியிருப்புகளின் அமைப்பே தீவின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. 1887இல் இங்கிருந்து எடுத்துச் சென்ற பாறைத் துண்டுகளைச் சோதித்த ஜான் முர்ரே என்ற கடலியல் அறிஞர் அதில் உயர்தரப் பாஸ்பேட் இருப்பதைக் கண்டார். மறு ஆண்டு ஜூனில் பிரிட்டன் தீவைத் தன்னுடையதாக அறிவித்தது. அறிவியல் ஆர்வமும் ஆட்சிக் கொடியும் சுரங்கக் கம்பெனியும் ஒரே படகில் வந்திறங்கின. 1897இல் கம்பெனி பதிவானது. அதன் பின் சீனாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். காவலுக்குச் சீக்கியர்கள்.

முதல் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் செத்துப்போனார்கள். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியையே தின்று, தவிட்டோடு போய்விட்ட சத்து கிடைக்காமல் கால் வீங்கி, இதயம் நின்று இறந்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், அந்த ஆள் என்ன தின்று உயிர்வாழ்வான் என்று கணக்குப் போடவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் கப்பலேற்றப்பட்ட நம்மவர்களின் கதையை அறிந்த எவருக்கும் இது புதிதாக இருக்காது. எனக்கு அந்தப் பழைய இடுகாட்டின் அருகே நெடுநேரம் பேச்சு வரவில்லை.

மாலையில் கடைக்குப் போனேன். கீரை, தக்காளி, பால் எல்லாம் பெர்த் விலையைவிடப் பல மடங்கு. காரணம் எளிது: சரக்குக் கப்பல் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் வருகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடமேற்கிலிருந்து பேரலை அடித்தால் கப்பல் வந்தாலும் துறையில் கட்ட முடியாது. வெளியே காத்திருக்க வேண்டும், அல்லது திரும்பிப் போக வேண்டும். விமானத்தில் வரும் காய்கறிக்கு விமானக் கட்டணம் சேர்ந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் சரக்கு-சேவை வரி இங்கே கிடையாது என்பது காகிதத்தில் பெரிய சலுகை. ஒரு கட்டுக் கீரையின் விலையைப் பார்த்தால் அந்தச் சலுகை எங்கே கரைந்தது என்று விளங்கும். பூன் சான் கடையில் சாப்பிட்ட நூடுல்ஸ் மட்டும் ஈப்போவிலேயே செய்தது போல இருந்தது.

வியாழக்கிழமை

இரவெல்லாம் மழை. இந்தத் தீவில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆனால் நிலத்தின் மேல் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிடலாம். சுண்ணாம்புப் பாறை அவ்வளவையும் உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடுகிறது. குடிநீரே நிலத்தடி நீரோட்டங்களிலிருந்து இறைத்ததுதான்.

மழை விடாததால் அங்கிளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆட்சி முறையைப் பற்றிக் கேட்டேன். இதை முழுமையாக எழுத விரும்புகிறேன். தீவைப் பற்றிப் படிக்கிறவர்கள் அதன் பேர்பெற்ற சிவப்பு நண்டுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே வாழ்கிறவர்களுக்கு உறுத்துவது இதுதான்.

1900 முதல் தீவு சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்டது. இடையில் 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், இங்கே காவலிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து ஐந்து பிரிட்டிஷ் படையினரைக் கொன்றார்கள். போர் முடிந்ததும் பழையபடி சிங்கப்பூர். பாஸ்பேட் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு வேண்டியிருந்ததால் அந்த இரு அரசுகளும் சுரங்கத்தை வாங்கின. பிறகு ஆஸ்திரேலியா தீவையே கேட்டது. 1958 அக்டோபர் 1 அன்று தீவு கைமாறியது. சுரங்க வருமானத்தை இழப்பதற்கு ஈடாகச் சிங்கப்பூருக்கு 29 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு கொடுக்கப்பட்டது. லண்டன் பேசியது, கான்பெரா பேசியது, சிங்கப்பூர் பேசியது. தீவில் வாழ்ந்தவர்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை.

கைமாறிய பிறகும் சிங்கப்பூர்க் காலத்துச் சட்டங்களே ஓடிக்கொண்டிருந்தன. 1992இல் அதை மாற்றி, மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சட்டங்கள் இங்கே பொருந்தும் என்றார்கள். பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது அந்த மாநிலம். வழக்கை விசாரிக்க வருவது அந்த மாநிலத்து நீதிமன்றம். காவல்துறை மட்டும் நாட்டு மத்திய அரசினுடையது. மாநில அரசு செய்யவேண்டியவற்றுக்குப் பொறுப்பு கான்பெராவில் இருக்கும் ஓர் அமைச்சர். அவர் சார்பில் இங்கே ஒரு நிர்வாகி. தலைமை ஆளுநரால் நியமிக்கப்படுபவர். இந்தத் தீவுக்கும், இதே கடலில் ஆஸ்திரேலியாவுக்கு உள்ள கோகோஸ் தீவுகளுக்கும் சேர்த்து ஒருவரே.

ஓட்டு எங்கே? நாடாளுமன்றத் தேர்தலில் இவர்கள் லிங்கியாரி தொகுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அது வட ஆட்புலத்தின் பாலைவனங்களையும் பழங்குடி ஊர்களையும் உள்ளடக்கிய மாபெரும் தொகுதி. ஆக, சட்டம் பெர்த்தில் இயற்றப்படுகிறது. ஆனால் பெர்த் சட்டமன்றத்துக்கு இவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு வட ஆட்புலத் தலைநகரான டார்வின் பக்கம் போய் விழுகிறது. ஆனால் அந்தப் பகுதியின் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. தங்கள் கையால் தேர்ந்தெடுத்து, தங்கள் கண்முன்னே உட்காரவைக்கும் அமைப்பு ஒன்றே ஒன்றுதான்: தீவின் உள்ளாட்சி மன்றம். சாலை, குப்பை, நூலகம், விளையாட்டுத் திடல் அதன் கையில். மருத்துவமனை, பள்ளி, துறைமுகம், சுரங்கக் குத்தகை எதுவும் அதன் கையில் இல்லை.

"கோபம் வராதா அங்கிள்?" என்று கேட்டேன்.

"பெர்த்தில் ஒரு சட்டம் மாறும், தங்கச்சி. நாங்கள் அதைச் செய்தியில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

ஆயிரத்து எழுநூறு பேருக்குத் தனி மாநிலம் கேட்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் தன்னை ஆளும் சட்டத்தை இயற்றுகிற மன்றத்தில் ஒரு குரல் இருக்க வேண்டும் என்பது தலையை எண்ணிக் கொடுக்கும் சலுகை அல்ல. மேற்கு ஆஸ்திரேலியச் சட்டம் பொருந்தும் என்றால் அந்தச் சட்டமன்றத்துக்கு ஓட்டும் பொருந்தட்டும். அல்லது தீவுக்கென்று உண்மையான அதிகாரமுள்ள மன்றம் வரட்டும். இரண்டும் இல்லாத இந்த நிலை நியாயமில்லை.

வெள்ளிக்கிழமை

இன்று சுரங்கம். தீவின் மேட்டுநிலத்தில் பாஸ்பேட் என்பது ஆழத்தில் குடையும் பொருள் அல்ல. சுண்ணாம்புப் பாறைக் கூம்புகளின் இடுக்குகளில் பழுப்பு மண்ணாகக் கிடக்கிறது. இயந்திரத்தால் வழித்தெடுத்து, உலரவைத்து, கன்வேயர் வழியாக வளைகுடாவுக்கு இறக்குகிறார்கள். மிதவைகளில் கட்டி நிற்கும் கப்பலின் வயிற்றுக்குள் நீண்ட இரும்புக் கைகள் அதைக் கொட்டுகின்றன. பெரும்பகுதி மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு உரமாகப் போகிறது. அங்கேயுள்ள புளிப்பு மண்ணில் இந்தத் தூள் மெல்லக் கரைந்து வேருக்குச் சேர்கிறது. வழித்தெடுத்த இடத்தில் எஞ்சுவது வெள்ளைப் பற்களைப் போல நிற்கும் பாறைக் காடு. மண் இல்லாததால் அங்கே மரம் தானாகத் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு டன்னுக்கும் சுரங்கம் கட்டும் பாதுகாப்புத் தீர்வையைக்கொண்டு, மண்ணைப் பரப்பி, நாற்று நட்டு, களை பிடுங்கிக் காட்டை மறுபடி வளர்க்கிறார்கள். பழைய நடவு ஒன்றைப் பார்த்தேன். நிழல் விழத் தொடங்கியிருக்கிறது.

ஆனால் எனக்கு இந்தச் சுரங்கத்தின் மனிதக் கதைதான் பெரிது. 1970கள்வரை ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, ஆசியப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. வீடு தனி, மனமகிழ் மன்றம் தனி. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஆசியத் தொழிலாளிக்கு மிகச் சொற்பம். வேலை முடிந்தால் தீவை விட்டுப் போய்விட வேண்டும்; முப்பது ஆண்டு உழைத்திருந்தாலும் குடியிருக்க உரிமை இல்லை.

1975இல் தொழிற்சங்கம் உருவானது. சில ஆண்டுகளில் கோர்டன் பென்னட் என்ற ஆங்கிலேயர் அதன் செயலாளராக வந்தார். வேலைநிறுத்தம், கான்பெராவரை போய்ப் போராட்டம் என்று சளைக்காமல் நின்று சம ஊதியத்தையும் குடியுரிமையையும் வாங்கிக் கொடுத்தார்கள். சீனத் தொழிலாளர்கள் அவரைப் பெரியண்ணன் என்று அழைத்தார்கள். அவருக்கு இங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கிள் அதன் முன்னே போய் நின்றதும் தொப்பியைக் கழற்றினார்.

அடுத்து நடந்ததுதான் என்னை உலுக்கியது. சம ஊதியம் வந்த சில ஆண்டுகளில், 1987 இறுதியில், இலாபம் இல்லை என்று சொல்லி அரசு சுரங்கத்தை மூடிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம் என்றது. பலர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள், சங்கத்தின் துணையோடு, தங்களுக்குக் கிடைத்த பணத்தையே முதலாகப் போட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் சுரங்கம் அவர்கள் கையில் மறுபடி ஓடியது. முதல்நிலைக் காட்டை இனி வெட்டக்கூடாது என்ற நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டார்கள். அரசு கைகழுவியதைக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் எடுத்து நடத்திக்காட்டினார்கள். அங்கிளும் பங்கு வைத்தவர்.

"மனைவி அப்போது என்ன சொன்னார்?"

"திட்டினாள். பிறகு அவள் பணத்தையும் கொடுத்தாள்."

இந்த முப்பது ஆண்டுகளில் தீவுக்கு வெளியிலிருந்து வந்த பெருந்திட்டங்கள் எதுவும் இப்படி நிலைக்கவில்லை. 1993இல் பணக்கார இந்தோனேசியர்களை நம்பிச் சூதாட்ட விடுதி திறந்தார்கள், 1998இல் மூடினார்கள். செயற்கைக்கோள் ஏவுதளம் கட்டுவதாகப் பேசினார்கள், கட்டவில்லை. தொழிலாளிகள் தாங்களே ஏற்ற சுரங்கம் இன்றும் தீவின் பெரிய முதலாளி. அதன் குத்தகை 2034வரை.

சனிக்கிழமை

மேற்குக் கரையின் 'டேல்ஸ்' பள்ளத்தாக்குகளுக்குப் போனேன். நிலத்தின் மேல் நீரைக் காண்பதே அரிதான இந்தத் தீவில் அங்கே ஊற்று நீர் வழிகிறது. பலகைவேர் மரங்களுக்கு அடியில் நீலநிற நண்டுகள். தென்னை நண்டு ஒன்று பாதையின் குறுக்கே நின்றது. இரண்டு கையாலும் அணைக்கும் அளவு. அவற்றை மிதிக்காமல் ஓட்டும்படி சாலை நெடுகிலும் பலகைகள். தலைக்கு மேலே அபாட்ஸ் பூபி என்ற கடற்பறவை. உலகத்திலேயே இந்தத் தீவின் உயர்ந்த மரங்களில் மட்டும்தான் அது கூடு கட்டுகிறது. அந்த மரங்கள் நின்ற பல இடங்களில்தான் பாஸ்பேட்டும் இருந்தது. தீவின் 63 விழுக்காடு இப்போது தேசியப் பூங்கா.

அங்கே போகும் வழியில்தான் குடியேற்றத் தடுப்பு மையம் இருக்கிறது. வேலியை மட்டும் வெளியிலிருந்து பார்த்தேன்.

2001 ஆகஸ்டில், மூழ்கவிருந்த படகிலிருந்து 430க்கும் மேற்பட்ட அகதிகளைக் காப்பாற்றிய டாம்பா என்ற நார்வே கப்பல் இந்தக் கரைக்கு எதிரேதான் நின்றது. ஆஸ்திரேலிய அரசு அவர்களை இறங்கவிடவில்லை. அடுத்த மாதமே, இந்தத் தீவில் வந்திறங்குவது ஆஸ்திரேலியாவில் இறங்கி அடைக்கலம் கேட்பதாகக் கொள்ளப்படாது என்று சட்டம் செய்தார்கள். மண் ஆஸ்திரேலியாவுடையது, ஆனால் அந்த மண்ணில் கால் வைப்பது கணக்கில் சேராது. இந்தத் தீவு இருப்பது உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு அதைவிட வெளிப்படையான விடை வேண்டியதில்லை. 2008 இறுதியில் மையம் திறக்கப்பட்டது. ஈழப் போர் முடிந்த பின் படகேறிய எத்தனையோ தமிழர்களுக்கு ஆஸ்திரேலியா என்பது இந்த வேலிதான். 2019 ஆகஸ்டு முதல் 2021 ஜூன்வரை, குவீன்ஸ்லாந்தின் சிற்றூர் ஒன்றில் முன்பு வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை, இரண்டு சின்னஞ்சிறு பெண் பிள்ளைகளோடு, இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்ததே ஆஸ்திரேலியாவில். அந்தச் சிற்றூர் மக்கள் விடாமல் போராடி அவர்களை மீட்டார்கள்.

2010 டிசம்பர் 15 அதிகாலையில் ஓர் அகதிப் படகு ஊருக்கு அருகிலேயே பாறையில் மோதி உடைந்தது. ஐம்பது பேர் இறந்தார்கள். தீவு மக்கள் பாறை விளிம்பில் நின்று மிதவைச் சட்டைகளையும் கயிறுகளையும் வீசினார்கள். அலை அவற்றைத் திருப்பி அடித்தது. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் அந்தப் பாறைப் பக்கம் நின்று பேச விரும்புவதில்லை. நானும் மேலும் கேட்கவில்லை.

அந்த மையத்தால் தீவுக்கு வேலை வந்தது, வாடகை ஏறியது, விமானங்கள் நிரம்பின. மூடும்போதெல்லாம் கடைகள் வாடின. திறப்பதா மூடுவதா என்ற முடிவு கான்பெராவில். 2018இல் மூடினார்கள், 2019இல் திறந்தார்கள், 2020 தொடக்கத்தில் வூஹானிலிருந்து அழைத்துவந்தவர்களைத் தனிமைப்படுத்த அதையே பயன்படுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே கரையில் இருந்தேன். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்கள் இவை. முதல் மழை விழுந்ததும் காட்டிலிருந்து இறங்கும் சிவப்பு நண்டுகள், ஆண் முதலில், பெண் பின்னால், கரையோரத்தில் வளை தோண்டிக் கூடுகின்றன. ஆண் நண்டுகள் திரும்பிவிடும். பெண் நண்டு பன்னிரண்டு, பதின்மூன்று நாள் முட்டைகளைச் சுமந்து வளைக்குள் இருந்து, தேய்பிறைப் பாதி நிலவு நாட்களில், ஓதம் இறங்கத் தொடங்கும் வைகறையில் கடலில் விடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு லட்சம் முட்டைவரை. அந்த நாட்களில் ஓத ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அதனால் பாறையில் நிற்கும் தாயை அலை எளிதில் இழுத்துச் செல்லாது. நம் பஞ்சாங்கம் கணிப்பதை இந்த நண்டு எப்படியோ உடம்பால் அறிந்திருக்கிறது.

டார்ச் வெளிச்சத்தில் பாறை முழுவதும் சிவப்பாக அசைந்தது. ஒவ்வொரு நண்டும் இரு கொடுக்குகளையும் தூக்கி உடலை உலுக்கியது. நீர் பழுப்பாகக் கலங்கியது. என் காலணி மேல் ஏறிப் போனது ஒன்று. அசையாமல் நின்றேன்.

திரும்பும்போது பல சாலைகள் மூடியிருந்தன. நண்டுகளுக்காகச் சாலைக்குக் கீழே சுரங்கப்பாதைகள். ஓரிடத்தில் ஐந்து மீட்டர் உயரப் பாலமே உண்டு. திறந்திருக்கும் சாலையிலும் ஓட்டுநர் இறங்கி, தோட்டத்து வாரியால் நண்டுகளை மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் போகிறார். எந்தச் சாலை மூடியது என்று உள்ளூர் வானொலி சொல்கிறது.

இந்த நண்டுகளுக்கும் ஒரு போர் நடந்திருக்கிறது. கப்பல் சரக்கோடு வந்த மஞ்சள் பைத்திய எறும்பு, 1990களில் காடெங்கும் பெருங்கூட்டங்களாகப் பெருகி, அமிலத்தைப் பீய்ச்சி நண்டுகளின் கண்ணைக் குருடாக்கிக் கோடிக்கணக்கில் கொன்றது. 2022இல் திண்டுக்கல் மாவட்டத்தின் கரந்தமலை அடிவார ஊர்களில் ஆடுமாடுகளை வதைத்து மக்களை விரட்டியதாகச் செய்தி வந்ததே, அதே எறும்புதான். ஹெலிகாப்டரிலிருந்து விஷத் தீனி தூவினார்கள். ஓரளவே பயன். பிறகு எறும்பின் சாப்பாட்டையே நிறுத்தப் பார்த்தார்கள். மரத்தின் சாற்றை உறிஞ்சித் தேன்நீர் சுரக்கும் செதிள் பூச்சிதான் எறும்புக்குச் சோறு போடுகிறது. அந்தப் பூச்சியைத் தின்னும் இரண்டு மில்லிமீட்டர் குளவியை மலேசியாவில் தேடிப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் சோதித்து, 2016 டிசம்பரில் இங்கே விட்டார்கள். நண்டுகள் மீண்டு வருகின்றன. இன்று பத்துக் கோடிக்கு மேல் என்கிறார்கள் பூங்காவினர்.

எல்லாம் மீளவில்லை. இந்தத் தீவுக்கே உரிய சின்ன வௌவால் ஒன்று இருந்தது. குறைந்துகொண்டே போகிறது, பிடித்துக் கூண்டில் வளர்த்தாவது காப்பாற்றுவோம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தபடி இருந்தார்கள். அனுமதி 2009 நடுவில் வந்தது. ஆட்கள் வலையோடு வந்தபோது காட்டில் ஒரே ஒரு வௌவாலின் குரல்தான் பதிவானது. ஆகஸ்டு இறுதியில் அதுவும் நின்றுவிட்டது. கோப்பு மேசையில் இருந்த மாதங்களில் ஓர் இனம் முடிந்தது. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

திங்கட்கிழமை

நாளை விமானம். மழை மேகம் ஓடுபாதையை மூடினால் இல்லை. மேட்டுநில விமானத்தளம் என்பதால் இந்தப் பருவத்தில் அது நடப்பதுதான்.

வர நினைப்பவர்களுக்கு: நண்டு பார்க்க வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பரில் தேய்பிறை அஷ்டமியைக் கணக்கிட்டு வாருங்கள், முதல் மழை தாமதித்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும், ஆகவே தேதியைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலிய விசா வேண்டும். கார் கட்டாயம், கரடுமுரடான பாதைகளுக்கு நான்கு சக்கர இயக்கம். சைவ உணவுக்காரர்கள் பருப்பு, பொடி வகைகளைக் கொண்டுவரலாம். விதையும் பச்சைக் காயும் கொண்டுவராதீர்கள். அந்த எறும்பும், தீவின் பல்லி இனங்களைக் காட்டிலிருந்து துடைத்த ஓநாய்ப் பாம்பும் சரக்கோடு சரக்காக நுழைந்தவைதான்.

மாலையில் அங்கிளிடம் 2034க்குப் பிறகு என்ன என்று கேட்டேன். சுற்றுலா என்கிறார்கள், ஆராய்ச்சி நிலையம் என்கிறார்கள், அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன என்றார். விமானக் கட்டணம் இப்படி இருக்கும்வரை சுற்றுலா எத்தனை பேரைக் கொண்டுவரும் என்று தெரியவில்லை. நானே பெர்த்திலிருந்து பாலிக்குப் போயிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். அங்கிளின் பேத்தி பெர்த்தில் படிக்கிறாள். திரும்பி வருவாளா என்று கேட்டேன்.

"அங்கே போய் முகவரியை மாற்றியதும் அவளுக்கு மாநிலத் தேர்தலில் ஓட்டு வந்துவிட்டது. திரும்பி வந்தால் போய்விடும். 'தாத்தா, முதலில் ஓட்டு வாங்கிக் கொடு, வருகிறேன்' என்கிறாள்" என்றார் அங்கிள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் குத்தகை முடிவைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்திருக்கிறாராம்.